ஆகஸ்ட் 15ம், கப்பலுக்கு முந்திய பாட்டுகளும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குன்னூர் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் தினமும் ‘வரலாற்றில் இன்று’ எழுதிப்போடுவது என் பொறுப்பு. போன வருடம் சுதந்திர தினத்துக்கு எழுதியது கொடி ஏற்றுவதற்குள் சாரலில் கரைந்துவிட்டது. இந்த வருடம் பிள்ளைகள் ஒரு யோசனை சொன்னார்கள். எல்லாரும் எழுதுவதையே எழுதாமல், ஆகஸ்ட் 15 அன்று பாட்டு உலகத்தில் என்னென்ன நடந்தது என்று எழுதலாமாம்.

தேடியதில் நான்கு கிடைத்தன. 1965ல் பீட்டில்ஸ் குழு நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பாடியது. 1969ல் உட்ஸ்டாக் இசைவிழா தொடங்கியது. 1975ல் ஷோலே. 1992ல் ரோஜா.

எனக்கு இரண்டு சந்தேகம். இத்தனையும் ஒரே தேதியில் எப்படி அமைந்தன? எந்தத் தேதியை எடுத்தாலும் இப்படி நாலு கிடைக்கும் என்று சக ஆசிரியர் ஒருவர் சிரிக்கிறார். இன்னொன்று, எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அமெரிக்கக் கச்சேரிக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? தமிழுக்கு இதில் ரோஜா மட்டும்தானா?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, குன்னூர்

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் உங்கள் சக ஆசிரியர் பக்கம் ஒரு ஓட்டு போட்டுவிடுகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆகஸ்ட் 15க்கு நாலு அல்ல, நாற்பது கிடைக்கும். காரணம் சாதாரணமானது, விடுமுறை. நம் ஊரில் படம் வெளியிடுகிறவர்கள் தீபாவளி, பொங்கல், சித்திரை ஒன்று, ஆகஸ்ட் 15 என்று பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். ஷோலேயும் ரோஜாவும் அப்படி வந்தவை. அமெரிக்காவில் அது கோடை விடுமுறையின் நடுப்பகுதி. 1965ல் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை, 1969ல் வெள்ளிக்கிழமை. கூட்டம் கூட்ட நினைக்கிறவன் வேறு எந்த நாளைப் பிடிப்பான்? காரணம் சொல்ல முடியாத பொருத்தம் வேண்டுமென்றால் ஜூன் 24க்குப் போங்கள். கண்ணதாசன் 1927ல் பிறந்த தேதி அது. எம்.எஸ். விஸ்வநாதன் 1928ல் பிறந்ததும் அதே தேதி. அதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது.

சரி, இப்போது உங்கள் பட்டியல். உங்கள் பலகையில் முதலில் வரவேண்டியதே விட்டுப்போயிருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15. அன்று சென்னை வானொலியில் டி.கே. பட்டம்மாள் பாடினார். பாடியது பாரதியின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’. பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டின் இரண்டாவது வரியைப் படித்துக்காட்டுங்கள். ‘ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்’ என்று இறந்த காலத்தில் இருக்கும். எழுதியவர் 1921லேயே போய்விட்டார். அதே பாட்டை அதே பட்டம்மாள் குரலில் ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்தில் வைத்தார்கள், குமாரி கமலா ஆடினார். படம் வெளிவந்தது 1947 பொங்கலுக்கு. சுதந்திரம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஜனவரியிலேயே கொட்டகைகளில் ஜனங்கள் சுதந்திரத்தைக் கொண்டாடிவிட்டார்கள். ஆகஸ்ட் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் பட்டியலில் இருக்கிற மற்றவற்றையும் கிட்டே போய்ப் பார்த்தால் தேதி கொஞ்சம் நழுவும்.

ஷே ஸ்டேடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூடியவர்கள் 55,600 பேர். அதற்கென்றே நூறு வாட் ஆம்ப்ளிபயர் செய்து எடுத்துப் போனார்கள். நூறு வாட்! இன்று எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் ஒரு தெருமுனைக்குக்கூட அது காணாது. அது போதாமல், பந்தாட்டத்துக்கு ஸ்கோர் சொல்லும் மைதான ஒலிபெருக்கியிலும் பாட்டை விட்டார்கள். ரசிகர்கள் போட்ட கூச்சலில் பாடியவர்களுக்கே தாங்கள் பாடியது கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் அதைப் படமாக வெளியிடும்போது ஒலி சரியில்லை என்று 1966 ஜனவரியில் லண்டன் ஸ்டூடியோவில் சில பாட்டுகளைத் திரும்பப் பாடி, வாசித்து, மேலே ஒட்டினார்கள். அந்தப் படத்தில் நம் காதில் விழுவதில் ஒரு பகுதி ஆகஸ்டும் இல்லை, 1965ம் இல்லை.

உட்ஸ்டாக் உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். குன்னூர் லேம்ஸ் ராக் பாறை முனைக்கு அவர்களைக் கூட்டிப்போங்கள். மேகம் விலகினால் கீழே கோயம்புத்தூர்ச் சமவெளி தெரியும். அதில் போத்தனூருக்கு அப்பால் செட்டிபாளையம் என்று ஓர் ஊர். 1914ல் அங்கே ஒரு கவுண்டர் வீட்டில் ராமசாமி என்று ஒரு பையன் பிறந்தான். வளர்ந்து, ரிஷிகேஷ் போய், சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, சச்சிதானந்தா ஆனார். குருவின் பணிக்காக இலங்கையில் பல ஆண்டுகள் இருந்தார். 1966ல் அமெரிக்கா போனார். மூன்று ஆண்டு கழித்து, உட்ஸ்டாக்கின் முதல் நாள் மாலை, லட்சக்கணக்கான பேர் முன்னால் காவி உடையும் வெள்ளைத் தாடியுமாக உட்கார்ந்து, ஒலியின் சக்தியைப் பற்றிப் பேசி, எல்லாரையும் ஹரி ஓம் சொல்லவைத்தவர் இவர்தான். சாலையெல்லாம் அடைத்துக்கொண்டதால் அவரை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். விழாவைத் தொடங்கிவைத்த சாமியார் என்று உலகம் முழுக்க அவரைச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆள் என்று நாம்தான் சொல்லிக்கொள்ளவில்லை.

அவருக்கு முன்னால் மேடை ஏறிய முதல் பாடகர் ரிச்சி ஹேவன்ஸ். அவரும் முதலில் பாட வேண்டியவர் அல்ல. மற்றவர்கள் நெரிசலில் மாட்டிக்கொண்டதால் இவரை ஏற்றிவிட்டு, இறங்க விடாமல் மறுபடி மறுபடி பாடச் சொன்னார்கள். கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய், தாயில்லாப் பிள்ளையாக உணர்கிறேன் என்று வரும் பழைய கறுப்பின மக்கள் பாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் முன்னால் ‘சுதந்திரம், சுதந்திரம்’ என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பாடினார். அந்த இடத்திலேயே கட்டிய பாட்டு. ஆகஸ்ட் 15ல் அந்தச் சொல்! உங்கள் பலகைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அவர் பாடத் தொடங்கும்போது அங்கே மாலை ஐந்து மணி. நியூயார்க் கோடை நேரத்துக்கும் நமக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். இங்கே இரவு இரண்டரை, தேதி 16. சச்சிதானந்தா பேசும்போது செட்டிபாளையத்தில் 16ஆம் தேதி இன்னும் விடிந்திருக்காது. நம் கொடியெல்லாம் இறக்கி மடித்து வைத்தாகிவிட்டது.

அன்று இரவு ரவிசங்கர் மழையில் சிதார் வாசித்தார், அல்லா ரக்கா தபலா. ரவிசங்கருக்கு அந்த விழா பிடிக்கவில்லை. சேற்றில் புரண்ட கூட்டத்தைப் பார்த்தபோது ஊரில் சேற்றில் கிடக்கும் எருமைகள் ஞாபகம் வந்ததாகப் பிற்பாடு சொன்னார். எருமை வளர்க்கும் தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது குடியிருப்பு, பக்கத்தில் குடியிருக்கிற எனக்கு அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. எருமை இங்கே மரியாதைப்பட்ட உயிர். விழா நடந்த இடமே ஒரு பால்பண்ணை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சிரிப்பார்கள்.

ஷோலேயைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆர்.டி. பர்மன் இசை, அவரே ஒரு பாட்டும் பாடினார். பாட்டைவிட வசனம் தனி ரெக்கார்டாக விற்றது அதன் விசேஷம். பலகையில் ஒரு வரி போதும்.

ரோஜாவுக்கு வருகிறேன். ரஹ்மானுக்கு அப்போது வயது 25, முதல் படம், அதற்கே தேசிய விருது. இதெல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும். படத்தில் காஷ்மீர் என்று வருவதில் ஒரு பங்கு குன்னூரிலும் ஊட்டியிலும் எடுத்தது என்பது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். காஷ்மீரில் நிலைமை சரியில்லாததால் நம் மலைக்கும் மணாலிக்கும் வந்தார்கள். எங்கள் ஊர்க் கொட்டகையில் அந்தப் படம் ஓடியபோது, ராணுவ வண்டி வளைவில் திரும்பும் ஒரு காட்சிக்கு முன்வரிசையிலிருந்து ஒருத்தன் “டேய், இது வெலிங்டன்டா” என்று கத்தினான். பின்னாலிருந்து “போடா, அருவங்காடு” என்று பதில். இடைவேளையில் டீக்கடையிலும் அதே சண்டை. தீவிரவாதி, கடத்தல் எல்லாம் இரண்டாம்பட்சம்.

ஆனால் அது ஆகஸ்டில் இல்லை. அந்த நாளில் மலைக்குப் புதுப்படம் உடனே வராது. கீழே ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் மேலே ஏறும். பாட்டு அதற்கு முன்பே வந்துவிட்டது, கேசட்டில். குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். அன்று நான் போனபோது கடைக்காரர் புதிய பெட்டி ஒன்றில் இதை ஓடவிட்டிருந்தார். மழைக்கு ஒதுங்கிய பத்துப் பேர் வாசலில் நின்றோம். மழை விட்டும் யாரும் நகரவில்லை. கண்ணாடி அலமாரியின் தட்டில் ஒரு பேனா மூடி, பாட்டில் பேஸ் என்கிற அடித்த ஒலி விழும்போதெல்லாம் மெல்ல நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. நான் பாட்டைக் கேட்டேனா, மூடி விழுமா என்று பார்த்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அது செப்டம்பரா அக்டோபரா, அதுவும் தெரியாது. எனக்கு ரோஜா வந்த நாள் அதுதான்.

அந்தக் கேசட்டுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். இங்கத்திய ஈரத்தில் கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும் என்பது உங்கள் வயதுக்குத் தெரியாமல் இருக்கலாம். அடுப்படி அலமாரியில் வைத்துத்தான் காப்பாற்றுவோம். யாரோ ஒருவன், நீலகிரித் தைலத்தில் பஞ்சை நனைத்து டேப்பின் ஹெட்டைத் துடைத்தால் பாட்டு தெளியும் என்றான். தெளிந்தது, இரண்டு நாளைக்கு. அப்புறம் தைலம் பட்ட ரப்பர் உருளை ஊதிக்கொண்டு, எந்தப் பாட்டைப் போட்டாலும் கிணற்றுக்குள்ளிருந்து அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அது அவர் சிலோனிலிருந்து கொண்டுவந்த செட்.

இதை இங்கே சொல்லக் காரணம் உங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள்தான். 1964ல் இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் கைக்குழந்தை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே தேயிலைக்கு. உங்கள் வகுப்பிலும் அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். எங்கள் அம்மாவிடம் ஒரு பாட்டு எந்த வருடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “அது கப்பலுக்கு முன்னாடி”, “இது கப்பலுக்கு அப்புறம்” என்று மட்டும் சொல்லுவார். நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூடத் தப்பாது. எம்.எஸ்.வி. பாட்டுகளில் பெரும்பாதி கப்பலுக்கு முன்னாடி. இளையராஜா முழுக்கக் கப்பலுக்கு அப்புறம். அதிலும் முதல் ஐந்தாறு வருடப் பாட்டுகளை இங்கே இருந்துகொண்டு இலங்கை வானொலியில்தான் கேட்டோம். திருப்பி அனுப்பிய நாடு இரவானால் பாட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டே அங்கே விட்டுவந்த கோழிகளின் பெயரைச் சொல்லுவார்.

ஆகவே பலகையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் பட்டம்மாள், ஷே, உட்ஸ்டாக், ஷோலே, ரோஜா. உட்ஸ்டாக் வரியில் செட்டிபாளையம் என்ற பெயர் கட்டாயம் வரவேண்டும், பக்கத்தில் ‘இந்திய நேரப்படி 16’ என்று சிறியதாக. மறுபாதியைக் காலியாக விடுங்கள். பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடம், ஒரு பாட்டை முதன்முதல் எங்கே நின்று கேட்டீர்கள் என்று விசாரித்து வந்து எழுதட்டும். தேதி சொல்லாவிட்டால் பரவாயில்லை, வற்புறுத்த வேண்டாம். என் அம்மா பாட்டு ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் கேட்டு அனுப்புகிறேன்.

சாக்பீஸ் வேண்டாம். சாரலுக்குப் பெயிண்ட்தான் நிற்கும். இல்லாவிட்டால் பலகையை வராந்தாவுக்குள் இரண்டடி தள்ளிப் போடச் சொல்லுங்கள்.