புது ஃபோர் வீல் டிரைவின் ஹார்ட்டாப் ஒழுகுகிறது, பெயிண்டும் கொப்பளிக்கிறது. சிங்கப்பூரில் வாரண்டியில் மாற்றி வாங்க முடியுமா?

முடியும். ஆனால் கவுண்டரில் நின்று குரலை உயர்த்தி முடியாது, காகிதத்தில்தான் முடியும். நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: புது வண்டி, எட்டு மாதம், கழற்றி மாட்டும் ஹார்ட்டாப் (கெட்டிக் கூரை), மழை பெய்தால் உள்ளே சொட்டுகிறது, பின்மூலையில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது, விற்றவர்கள் "இந்த மாதிரி வண்டிக்கு இது நார்மல்" என்கிறார்கள். மிச்சத்தை நானே ஊகிக்கிறேன். இரண்டு தடவை கொண்டுபோய் விட்டிருப்பீர்கள். இரண்டு தடவையும் "ரப்பரை அட்ஜஸ்ட் பண்ணியாச்சு அண்ணே" என்று சாவியைக் கையில் கொடுத்திருப்பார்கள். அடுத்த மழையில் மறுபடி காலடியில் குளம்.

அந்த இரண்டு தடவையும் வந்த ஜாப் ஷீட்டை, அதாவது பட்டறை எழுதித் தரும் வேலைக் குறிப்பை, முதலில் எடுத்துப் பாருங்கள். "வாடிக்கையாளர் சொன்னது: ரூஃப் லீக். சோதித்தோம், பழுது தென்படவில்லை" என்று இருந்தால், காகிதக் கணக்கில் உங்கள் வண்டிக்கு இன்றுவரை ஒரு பழுதும் வந்ததில்லை. பாதிப் பேர் தோற்பது இங்கேதான். சர்வீஸ் அட்வைசர் தட்டச்சு செய்வதைப் படிக்காமலே "சரி சரி" என்று திரையில் கையெழுத்துப் போடுகிறோம். இனி அப்படிச் செய்யாதீர்கள். "ரூஃப் லீக்" போதாது. "முன் வலது பேனலும் கண்ணாடிச் சட்டமும் சேரும் மூலையில் நீர் நுழைகிறது, 3ஆம் முறை, முந்தைய ஜாப் ஷீட் எண்கள் இவை" என்று எழுதச் சொல்லுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது என்ன செய்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். எழுத மறுத்தால் அன்று இரவே மின்னஞ்சலில் நீங்கள் எழுதி அனுப்புங்கள். போனில் பேசியது காற்றோடு போகும்.

எந்த மூலை என்று எழுதுவதற்கு அது எந்த மூலை என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே. சொட்டுகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகை ஹார்ட்டாப் பெரும்பாலும் முன்னால் இரண்டு பேனல், பின்னால் ஒரு பெரிய கூடு என்று மூன்று துண்டாக வரும். மூன்றும் சந்திக்கிற நடு இடத்தில் மூன்று ரப்பரும் முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் நீர் உள்ளே இறங்கி, சட்டத்தின் மேலேயே ஓடி, எங்கேயோ தூரத்தில் சொட்டும். காலடியில் ஈரம் என்று கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் கிடைக்காது.

வீட்டுச் சோதனை ஒன்று சொல்கிறேன். வீவக (அடுக்குமாடி வீடமைப்புக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் ஹோஸ் போட முடியாது, தேவையும் இல்லை. ஒன்றரை லிட்டர் போத்தல் மூன்று நான்கு, மூடியில் ஊசியால் ஆறேழு துளை. வண்டியின் உள்ளே எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ பேப்பரை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சும் போனுமாக உட்கார்ந்து வீடியோ எடுக்கட்டும். வெளியே இருப்பவர் கீழிருந்து மேலாகப் போக வேண்டும்: முதலில் கதவின் மேல்விளிம்பு, பிறகு முன்கண்ணாடிச் சட்டம், பிறகு பேனல் இணைப்புகள், கடைசியில் அந்த நடுச் சந்திப்பு. ஓர் இணைப்புக்கு 5 நிமிடம் மெதுவாக ஊற்றி, இன்னும் 5 நிமிடம் காத்திருந்து, அதன் பிறகே அடுத்தது. மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இணைப்பின் மேலும் வழிந்து எது குற்றவாளி என்றே தெரியாமல் போய்விடும். முதலில் நனைகிற டிஷ்யூதான் உங்கள் சாட்சி. பிரஷர் ஜெட் மட்டும் வேண்டாம். அதை வீடியோவில் பார்த்தால், "இதனால்தான் ரப்பர் விலகியது" என்று அவர்களுக்கு வாய்ப்பு நீங்களே கொடுத்ததாகிவிடும்.

இன்னொன்று தாள் சோதனை. கடை ரசீது ஒன்றை ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துப் பேனலைப் பூட்டிவிட்டு மெல்ல இழுங்கள். பிடித்து நின்றால் ரப்பர் அமுங்குகிறது. தானாக வந்துவிட்டால் அங்கே அமுக்கமே இல்லை. 2 வெள்ளி நோட்டை வைத்துப் பார்க்காதீர்கள், அது பிளாஸ்டிக், நல்ல ரப்பரிலிருந்தும் வழுக்கிக்கொண்டு வரும். கைப்பிடி அகலத்துக்கு ஓர் இடம் என்று சுற்றிலும் பார்த்து, தாள் தளர்ந்த இடங்களில் டேப் ஒட்டிப் படம் எடுங்கள். சோதனைக்கு முன் ரப்பரில் இலை, மணல் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதையே காரணம் சொல்வார்கள். நியாயமும்கூட, குப்பையால் ஒழுகுவது தயாரிப்புக் குறை ஆகாது.

பெயிண்ட் விஷயம் வேறு. கல் பட்ட காயத்தில் நடுவே ஒரு குத்துப் புள்ளி தெரியும், அங்கிருந்து பெயிண்ட் உரிந்து விரியும். பறவை எச்சம் மேலிருந்து அரிக்கும், தொட்டால் பள்ளம். உள்ளிருந்து வரும் கொப்புளத்தில் மேல்தோல் முழுசாக இருக்கும், அடியில் காற்று. ஃபைபர்கிளாஸ் கூட்டுப்பொருளில் நுண்துளையோ ஈரமோ சிக்கியிருக்க அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டால், வெயிலில் அது விரிந்து தள்ளுகிறது. இது தயாரிப்பில் நேர்ந்தது, நீங்கள் நிறுத்திய இடத்தால் நேர்ந்ததில்லை. ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். பக்கத்தில் 50 காசு நாணயம் வைத்து, வாரம் ஒரு முறை அதே கோணத்தில் படம் எடுங்கள். வளர்கிற கொப்புளத்துக்கு நார்மல் என்று பெயர் வைப்பது கடினம்.

போல்ட் துளையைச் சுற்றி விரிசல் இருந்தால் கேள்வி வேறு திசைக்குப் போகும்: யார் முடுக்கியது? ஒருமுறையேனும் நீங்களே கழற்றி மாட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கழற்றுவதற்கென்றே செய்த கூரை அது, எப்படிக் கழற்றுவது என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். அதன்படி செய்தது தவறான பயன்பாடு ஆகாது. மறைத்து, பிறகு போல்ட் தலையில் கீறல் தெரிந்தால்தான் வம்பு.

"நம் ஊர் ஈரப்பதம்தான் காரணம்" என்று ஒரு பதில் வரும். அதற்கு அமெரிக்க உதாரணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் ஃபோர்டு நிறுவனம், அதுவரை கட்டிய புது பிரான்கோ என்ற தன் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் ஹார்ட்டாப்புகளை எல்லாம் மாற்றித் தருவதாக அறிவித்தது. வெபாஸ்டோ என்ற பாகத் தயாரிப்பு நிறுவனம் செய்து கொடுத்த கூரைகள் அவை. மிகுந்த ஈரத்திலும் ஈரப்பதத்திலும் மேற்பரப்பு பாம்புத்தோல் மாதிரி ஆனது. ஈரம் குறையை வெளியே கொண்டுவந்தது என்றுதான் அங்கே எடுத்துக்கொண்டார்கள், ஈரத்தில் வைத்தவன் தப்பு என்று சொல்லவில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிற ஊரில் விற்ற கூரை மழையைத் தாங்க வேண்டும். உங்கள் வண்டி அமெரிக்கத் தயாரிப்பு என்றால், பட்டறைகளுக்கு நிறுவனம் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின்கள் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கின்றன. உங்கள் மாடலுக்கு ஹார்ட்டாப் பற்றி ஒன்று இருந்தால் அதன் எண்ணை ஜாப் ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அட்வைசரின் முகமே மாறும்.

வாரண்டிப் புத்தகத்தில் பார்க்க வேண்டியது மூன்று. துரு வாரண்டி உலோகத் தகட்டுக்குத்தான், ஃபைபர் கூரைக்கு உதவாது, ஆகவே அந்தப் பக்கத்தைக் காட்டி வாதாட வேண்டாம். அடிப்படை வாரண்டியில் "மெட்டீரியல் அல்லது வேலைத்திறன் குறை" என்ற வரி இருக்கும், உங்கள் கடிதத்தில் அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள். ரப்பர் சீர்படுத்தல், நீர்க்கசிவு, காற்றுச்சத்தம் போன்றவற்றுக்குச் சில புத்தகங்களில் 12 மாதம்தான், மற்ற பாகங்களுக்கு மூன்று வருடம் என்று இருந்தாலும். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. தள்ளிப்போட நேரமில்லை.

யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. அதிகாரபூர்வ முகவர் என்றால் தயாரிப்பாளர் வாரண்டி நேரே ஓடும். இணை இறக்குமதியாளர், அதாவது பிஐ, என்றால் அவர்கள் தருவது பெரும்பாலும் அவர்களே ஏற்பாடு செய்த வாரண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ் இருக்கும், பெயிண்ட்டும் ரப்பரும் விலக்குப் பட்டியலில் இருக்கும். அங்கே வாரண்டியோடு மல்லுக்கட்டுவதைவிட லெமன் சட்டத்துக்கு, அதாவது குறையுள்ள பொருளை விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டத்துக்கு, போவது மேல்.

அந்தச் சட்டத்தைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பாதி உண்மையைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. "லெமன் சட்டம் இருக்கு, காசைத் திருப்பிக் கேள்" என்று ஒருவர் எழுதுவார், இருபது பேர் கைகூப்புவார்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிற சட்டம் இது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரிந்த குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். 6 மாதம் தாண்டினால் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில், உரிமை மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் முதல் ஜாப் ஷீட்டின் தேதி உயிர்: நான்காம் மாதத்தில் புகார் கொடுத்திருந்தால் நீங்கள் 6 மாதக் கணக்குக்கு உள்ளே. முதல் கட்டம் பழுதுபார்ப்பு அல்லது மாற்றிக் கொடுத்தல். அதை நியாயமான காலத்தில், பெரிய தொந்தரவில்லாமல் செய்யத் தவறினால்தான் விலைக் குறைப்பும் பணம் திருப்புதலும். கேட்பது விற்றவரிடம், தயாரிப்பாளரிடம் அல்ல. வண்டி நிறுவனப் பெயரில் இருந்தால் இதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள், இது பயனீட்டாளருக்கான சட்டம். நான் வழக்கறிஞர் இல்லை, இந்த இடத்தில் சட்டம் படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். பட்டறைப் பக்கத்தைத் திருத்த வருகிறவர்கள் மட்டும் போத்தலோடு வரவும்.

அவர்கள் அசையாவிட்டால் முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் (CASE) போங்கள். பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. விவகாரம் எழுந்த 2 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞர் கிடையாது, விண்ணப்பம் இணையத்திலேயே. "வண்டி விலை லட்சத்தைத் தாண்டுமே" என்று இங்கே பலர் பின்வாங்குகிறார்கள். நீங்கள் கேட்பது வண்டியை இல்லை, ஹார்ட்டாப்பை. புதுக் கூரை, ரப்பர்கள், பெயிண்ட், மாட்டும் கூலி என்று ஒரு கொட்டேஷன் வாங்கி அந்தத் தொகையைக் கோருங்கள். கூடவே வெளி மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையும் இருந்தால் நல்லது. விகாம், எஸ்டிஏ போன்ற வாகனப் பரிசோதனை நிலையங்களில் வாகன மதிப்பீடு செய்கிறார்கள். ஆனால் நீர் நுழையும் இடத்தைச் சோதித்து எழுதுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பொதுவான செக்லிஸ்ட் அறிக்கை இதற்குப் பயன்படாது.

இதற்கிடையில் வன்பொருள் கடை சிலிக்கோனை இணைப்பில் பிதுக்கிவிடாதீர்கள். ஒழுகல் நிற்கலாம், வாரண்டியும் அதோடு நிற்கும். ரப்பருக்கு கிரீஸ் தடவ வேண்டாம், பெட்ரோலியம் பட்டால் உப்பிவிடும், சிலிக்கோன் ஸ்பிரே சரி. கோட்டிங் போடவும் கூடாது, அதன் அடியில் கொப்புளம் வந்தால் பெயிண்ட்காரர் கோட்டிங்காரரையும் கோட்டிங்காரர் பெயிண்ட்காரரையும் காட்டுவார்கள். கூரைக்கேரியருக்குத் துளை போட்டிருந்தால், மன்னிக்கவும், அந்தப் பேனலை மறந்துவிடுங்கள். அப்புறம், "சிங்கப்பூரில் காடு எங்கே இருக்கிறது, எதற்கு இந்த வண்டி" என்று கேட்க வருபவர்களே, சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) கட்டியவருக்குக் காட்டில் ஓட்டினாலும் சந்தையில் ஓட்டினாலும் கூரை ஒழுகக் கூடாது. பிளாக் அடியில் மரத்தடி லாட்டை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு "மூடிய இடத்தில் நிறுத்துங்கள்" என்று அறிவுரை சொல்வதும் எனக்குப் பிடிபடாத நியாயம்.

மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள் என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். பழைய ரப்பரைப் புதுக் கூரையில் மாட்டப் போகிறார்களா என்று கேளுங்கள், புது ரப்பர் செட் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கூரை பெயிண்ட் இல்லாமல் வந்து இங்கே அடிக்கப்படும் என்றால் அந்தப் பெயிண்ட்டுக்கு யார் பொறுப்பு, எத்தனை மாதம் என்பதும் எழுத்தில் வேண்டும். மாற்றிய பாகத்துக்குப் பொதுவாகப் பழைய வாரண்டியின் மிச்ச நாள்தான் கிடைக்கும், கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள், இத்தனை தடவை அலைந்ததற்குக் கேட்கலாம். எடுக்கப் போகும் நாளில் பின்கண்ணாடி வைப்பர், வாஷர் நீர், பனிநீக்கிக் கம்பி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். கூரையைக் கழற்றும்போது இவற்றின் ஒயரையும் குழாயையும் பிரிப்பார்கள், திரும்பச் செருக மறப்பது அடிக்கடி நடப்பது. பிறகு அங்கேயே, சாவியை வாங்குமுன், பையில் இருக்கிற ரசீதுத் தாளை எடுத்துச் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள்.