இரண்டு விபத்து, ஒரே முழங்கால்: யார் எவ்வளவு கொடுப்பது?
சுங்கை சிப்புட்டில் பால்மரம் சீவும் உங்கள் அண்ணனை ஒரு கார் மோதி முழங்கால் போனது. எட்டு மாதம் கழித்து வேறொரு கார் அதே காலில் மோதியது, இழப்பீட்டை எப்படிப் பிரிப்பார்கள் என்கிறீர்கள்.

இரண்டாவது ஓட்டுநர், தான் கூட்டிய காயத்துக்கு மட்டுமே பொறுப்பு. அதற்காக முதல் ஆள் தப்பிவிட முடியாது. இங்கிலாந்தில் பேக்கர் எதிர் வில்லோபி வழக்கில், கார் மோதிய காலையே பிறகு கொள்ளையன் சுட, அதை வெட்டி எடுத்தார்கள். அப்படியும் முதலில் மோதியவர் பழைய ஊனத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்று 1969-இல் தீர்ப்பு வந்தது.

அதனால் நடுவில் இருந்த அந்த எட்டு மாதக் காகிதம்தான் உயிர். எக்ஸ்ரே, எம்சி (மருத்துவ விடுப்பு) சீட்டு, குந்திச் சீவ முடியாமல் குறைந்துபோன சம்பளச் சீட்டு, எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், தீபகற்ப மலேசியாவில் வழக்குப் போடப் பொதுவாக 6 ஆண்டு அவகாசம். ஒவ்வொரு விபத்துக்கும் தனிக் கணக்கு.