புதுப் பற்றரி என்று சொல்லி விற்ற பழைய ஹைபிரிட் கார்

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருக்கிறேன். பதினொரு கிழமைக்கு முன் ஒரு கார் சேலில் (பழைய கார் விற்கும் நிலையத்தில்) 2012ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஜப்பான் ஹைபிரிட் கார் ஒன்றை 58 இலட்சம் ரூபாவுக்கு வாங்கினேன். பாதிக் காசு லீசிங். இணைய விளம்பரத்தில் "ஹைபிரிட் பற்றரி புதிது, ஒரு வேலையும் இல்லை" என்று போட்டிருந்தார்கள். மீற்றர் 74,000 கிலோமீற்றர் காட்டியது. ஐந்தாம் கிழமை சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. விற்றவரிடம் கேட்டால், "பழைய வாகனம் என்றால் அப்படித்தான், நான் இடையில் நின்றவன், சொந்தக்காரனைக் கேளுங்கள்" என்கிறார். ஒரு கராஜில் இரண்டு செல் மாற்றி 85,000 ரூபா எடுத்தார்கள். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது பிரேக் விளக்கும் விட்டுவிட்டு எரிகிறது, மிதிக்கும்போது பீப் சத்தம் கேட்கிறது. ரசீதில் "பார்வையிட்டுத் திருப்தியுடன் உள்ளபடியே பெற்றுக்கொண்டேன்" என்று என் கையெழுத்து இருக்கிறது. காரைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கலாமா? இல்லையென்றால் பேசாமல் இன்னொருவருக்கு விற்றுவிடலாமா?

பதில்: முதலில் காரை நிறுத்திவையுங்கள். சட்டம் பிறகு.

நீங்கள் பற்றரியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் தந்தது அந்தப் பீப் சத்தம். உங்கள் மாதிரிக் கார்களில் கால் மிதிப்பது நேரே சக்கரத்துக்குப் போவதில்லை. ஒரு மின்பம்பி அழுத்தத்தை ஏற்றிச் சேமித்து வைக்கிறது, அந்த அழுத்தம்தான் பிரேக்கைப் பிடிக்கிறது. உள்ளே கசிவு வந்தால் பம்பி அடிக்கடி ஓடும். அழுத்தம் தேவையான அளவுக்குக் கீழே இறங்கினால் விளக்கும் சத்தமும் வரும், கார் நிற்க எடுக்கும் தூரமும் கூடும். இது கற்பனைப் பயம் அல்ல. சேமித்த அழுத்தம் குறையும் இதே வகைக் கோளாறுக்காக 2013 ஜூனில் டொயோட்டா உலகம் முழுவதும் ஏறத்தாழ 242,000 பிரியஸ், லெக்ஸஸ் ஹைபிரிட் கார்களைத் திருத்தித்தரத் திருப்பி அழைத்தது.

இதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. விளக்கு எரிவது தெரிந்தும் ஓட்டி யாரையாவது இடித்தால், நீதவான் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது, ஏனென்றால் எனக்கு எழுதிய கடிதத்திலேயே தெரியும் என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் காரின் சேதத்துக்கான காப்புறுதியும் கேள்விக்குள்ளாகும். லொறியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பரிசோதிக்கும் செலவை இப்போதே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். பிறகு கேட்கலாம்.

அடுத்து, நாட்கணக்கு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பதினொரு கிழமை போய்விட்டது. விற்றவர் "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இந்த மூன்று மாதமும் ஒரு காரணமாக இருக்கலாம். பலர் என்னிடம் நான்காம் மாதம்தான் வருகிறார்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் இந்தக் கிழமையே கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள். அறிக்கையெல்லாம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, பின்னால் சேர்க்கலாம். விசாரணைக்குப் பிறகு நட்டஈடு கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ அதிகார சபை கட்டளையிடலாம்.

சரி, உங்கள் வழக்கு எங்கே நிற்கிறது? பதின்மூன்று வயதுக் காரின் பற்றரி செத்துப்போவது குற்றமல்ல. அது தேய்மானம், அதற்கு எந்த நீதிமன்றமும் நட்டஈடு தராது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்கள் புதிதாக வந்த நாளின் விலையையும் தாண்டிக் கைமாறின. விலை ஏறியது பற்றரிக்குத் தெரியாது, அது தன் வயதுக்கேற்ப இளைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆகவே "58 இலட்சம் கொடுத்தேனே" என்பது வாதமாகாது. "புதிது என்று சொன்னார்கள், அது புதிதல்ல" என்பதுதான் வாதம். இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இருக்கைத் துணி கிழிந்தது, ஏசி குளிரவில்லை என்று பத்தையும் சேர்த்து எழுதினால், நல்ல குறை கெட்ட குறைகளுக்குள் மறைந்துபோகும்.

அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது. 31ஆம் பிரிவு பொருளின் தரம், தன்மை பற்றிய பொய்யான கூற்றைத் தடுக்கிறது. விளம்பரத்தில் போட்ட "பற்றரி புதிது" என்ற சொல் நேராக இவற்றுக்குள் வந்து விழும்.

"நான் இடையில் நின்றவன்" என்ற பேச்சு நம் ஊர்க் கார் சேல்களின் பழைய பாட்டு. முந்தைய உரிமையாளர் நிரப்பாத உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார். கார் இரண்டு மூன்று கை மாறும், பதிவுப் புத்தகத்தில் மட்டும் பழைய பெயரே இருக்கும். பிரச்சினை வந்ததும் நீங்கள் பார்த்தே இராத ஒருவரைக் கைகாட்டுவார்கள். ரசீது யாருடைய பெயரில் இருக்கிறது, உங்கள் காசும் லீசிங் கொம்பனியின் காசும் எந்தக் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். இரண்டும் சேலின் பெயரில் இருந்தால் விற்றவர் அவர்தான். அப்படி இல்லாவிட்டாலும், வியாபாரத்தின் போக்கில் விளம்பரம் போட்டவர் அவர். 30ஆம் பிரிவு கேட்பது பதிவுப் புத்தகத்துப் பெயரையல்ல, யார் தவறாக வழிநடத்தினார் என்பதை.

திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இதில் உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி, குறிப்பிட்ட ஒரு பொருளை வாங்கி உரிமை உங்கள் கைக்கு வந்துவிட்டால், நிபந்தனை மீறல் என்று சொல்லிப் பொருளைத் தள்ளிவிடுவது கடினம், நட்டஈடுதான் கேட்கலாம். மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒப்பந்தத்தையே கலைக்கக் கேட்க வழி உண்டு, ஆனால் அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். போதாததற்கு லீசிங். பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் நிதிக் கொம்பனிதான், அவர்கள் சம்மதமின்றி நீங்கள் காரைத் திருப்பிக் கொடுக்கவே முடியாது. கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். விற்றவரோடு உள்ள சண்டை கொம்பனிக்குச் சம்பந்தமில்லாதது, காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே குறி வைக்க வேண்டியது பற்றரியின் விலை, பரிசோதனைச் செலவு, வீணான 85,000. இது வாங்கக்கூடிய தொகை.

ரசீதில் இருக்கும் "உள்ளபடியே" உங்களை ஓரளவு கட்டும். பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு நீங்கள் பொறுப்பு: வண்ணப் பூச்சு, ரயர், கதவுக் கீறல். ஆனால் பற்றரி பின் இருக்கைக்கு அடியிலோ பின்னாலோ மூடிக்குள் இருக்கிறது. சாதாரணமாகப் பார்வையிடுபவர் அதைக் கழற்றிப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. தெரிந்தே சொன்ன பொய்யை ஒரு வரிக் கையெழுத்து மூடிவிடாது. அதனால்தான் விளம்பரம் முக்கியமாகிறது. இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால் இப்போதே படம்பிடியுங்கள், திகதியும் தொலைபேசி இலக்கமும் தெரியும்படி. வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி இவை சான்றாக ஏற்கப்படும்.

இனிப் பற்றரிக்கு வருவோம். வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அக்வா போன்ற சிறிய காரில் 20 செல் கட்டுகள், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28, ஒவ்வொன்றும் 7.2 வோல்ற். ஒன்று பலவீனமானால் கொம்பியூட்டர் முழுப் பற்றரியையும் மாற்றச் சொல்லிப் பி0ஏ80 என்ற குறியீட்டைப் பதியும். நம்மூர்க் கராஜ்கள் செத்த ஒன்றிரண்டை எடுத்துவிட்டு வேறு பழைய பற்றரியிலிருந்து உயிருள்ளதைக் கழற்றிப் போடுவார்கள். விளக்கு அணைந்துவிடும். ஆனால் கூட இருப்பவையும் அதே வயது, அதே வெயில். புதிதாக வந்ததும் பழையதும் ஒரே அளவில் ஏறி இறங்காமல் அடுத்த பலவீனமான செல்லை இழுத்து வீழ்த்தும். உங்கள் கதையைப் பார்த்தால், விற்றவரும் விற்பதற்கு முன் இதையே செய்து "புதிது" என்று பெயர் வைத்திருப்பார் என்று சந்தேகிக்கிறேன். சந்தேகம் சான்றாகாது. செல்களில் உள்ள தொடரிலக்கம்தான் சான்று. உண்மையான புதுப் பற்றரி என்றால் இலக்கங்கள் ஒரே தொகுதியாக இருக்கும், செல்களை இணைக்கும் செப்புப் பட்டைகள் பளிச்சென்று இருக்கும். பச்சை படிந்த பட்டையும் கலந்த இலக்கங்களும் வேறு கதை சொல்லும்.

ஆகவே அடுத்த முறை திறக்கும்போது சாட்சியோடு திறவுங்கள். விற்றவருக்குப் பதிவுத் தபாலில் திகதி சொல்லி அழைப்பு அனுப்புங்கள். வந்தால் நல்லது, வராவிட்டால் இன்னும் நல்லது. விற்றவரோடும் முதல் கராஜோடும் தொடர்பில்லாத ஒருவர் செய்ய வேண்டும். கார்க் கொம்பியூட்டரில் பதிந்த குறியீடுகளைக் காட்டும் ஸ்கான் அறிக்கை, ஒவ்வொரு செல்லின் சுமைக்குள்ளான வோல்ற்றளவு, தொடரிலக்கங்களின் படம், குளிரூட்டும் விசிறி தூசியடைத்திருக்கிறதா என்ற குறிப்பு, கையெழுத்து, திகதி எல்லாம் வேண்டும். விசிறியை விடாதீர்கள். அது அடைத்திருந்தால் "நீர் பராமரிக்கவில்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். பதினொரு கிழமையில் அந்தளவு தூசி சேராது என்று அறிக்கையிலேயே எழுதுவித்தால் நல்லது. இன்னொன்று, நீங்களே மூடியைக் கழற்றிப் படமெடுக்கப் போகாதீர்கள். செம்மஞ்சள் வயர்களில் ஓடுவது வீட்டு பிளக்கில் கை வைப்பதைவிடச் சிறிய விஷயமல்ல. 144 வோல்ற் நேர்மின்சாரமும் ஆளைக் கொல்லும்.

முதல் கராஜின் பாடு தனி. நுகர்வோர் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி வியாபாரமாகச் சேவை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வதாக உத்தரவாதம் தானாகவே அடங்கியிருக்கிறது. ஆனால் "இரண்டு செல் மட்டும் மாற்றினால் திரும்ப வரும்" என்று அவர்கள் உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியும் செலவுக்குப் பயந்து நீங்கள் சம்மதித்திருந்தால், அவர்களைக் குறைசொல்ல அதிகம் இல்லை. உண்மையை எனக்கு எழுதாவிட்டாலும் உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

மீற்றர் எனக்குச் சரியாகப் படவில்லை. பதின்மூன்று வருடத்துக்கு 74,000 நடக்காததல்ல, ஆனால் விசாரிக்க வேண்டிய எண். சேஸி இலக்கத்தைக் கொடுத்து ஜப்பானில் ஏலத்தில் விற்றபோதைய தாளைப் பெறலாம். ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழிலும் ஓடிய தூரம் எழுதியிருக்கும். அன்றைக்கே 80,000 என்று இருந்தால், மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. அப்படி வந்தால் மட்டும் பொலிஸ். தண்டனைச் சட்டக் கோவையின் 398ஆம் பிரிவில் வரையறுத்த ஏமாற்றுதல் அது. இப்போதே பொலிசுக்கு ஓடினால் "இது சிவில் விஷயம்" என்று அனுப்பிவிடுவார்கள், விற்றவரும் துணிந்துவிடுவார்.

சேஸி இலக்கத்தைக் கையில் எடுத்ததோடு, தயாரிப்பாளரின் ஜப்பான் இணையத்தளத்தில் திருப்பி அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2014 பெப்ரவரியில் பிரியஸின் இன்வேட்டர் (பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) மென்பொருளுக்காக 19 இலட்சம் கார்களை அழைத்தார்கள். விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிட்ட தகாட்டா நிறுவன எயார்பேக் விவகாரத்தில் பல ஜப்பான் நிறுவனங்களின் கார்கள் அழைக்கப்பட்டன, ஈரப்பதமும் வெயிலும் உள்ள இடத்தில் அந்த எயார்பேக்குகள் இன்னும் ஆபத்தானவை. நிலுவை இருப்பதால் மட்டும் விற்றவர் மாட்டமாட்டார். அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். இது வழக்குக்காக அல்ல, உங்கள் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் பார்ப்பதற்காக.

அதிகார சபை முறைப்பாட்டோடு கூடவே ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதமும் அனுப்புங்கள், பதினான்கு நாள் தவணை கொடுத்து. என் அனுபவத்தில் இந்த மாதிரி விவகாரங்களில் பாதி அங்கேயே முடிந்துவிடும், பற்றரி விலையில் பாதியாவது தருவார்கள். வராவிட்டால் மாவட்ட நீதிமன்றம். வழக்குப் போடக் காலவரையறை உண்டு: எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, எழுதாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு, மோசடியால் வந்த நட்டம் என்று தனியாகக் கேட்டால் 2 ஆண்டு. இரண்டு ஆண்டு என்றே மனதில் வைத்திருங்கள்.

கடைசியாக, பேசாமல் விற்றுவிடுவது. வேண்டாம் என்று ஆசிரியரான உங்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை, கணக்கைத்தான் சொல்கிறேன். நீங்கள் வியாபாரி அல்ல என்பதால் நுகர்வோர் சட்டம் உங்களைத் தொடாது. ஆனால் பி0ஏ80 என்று எழுதிய ஸ்கான் அறிக்கை உங்கள் பெயரில் இருக்கும்போது "ஒரு வேலையும் இல்லை" என்று விற்றால், உங்கள் சேல்காரரிடம் இன்று நீங்கள் தேடும் சான்றைவிடத் தெளிவான சான்று உங்களுக்கு எதிராக இருக்கும். விற்கத்தான் வேண்டுமென்றால் பிரேக்கைத் திருத்தி, லீசிங் கொம்பனியின் சம்மதத்தோடு, பற்றரியின் நிலையை ரசீதில் எழுதி, அறிக்கையின் பிரதியில் வாங்குபவரின் கையெழுத்தை எடுத்துவிட்டு விற்கலாம். விலை குறையும். அந்தக் குறைவும் சேல்காரரிடம் நீங்கள் கேட்கும் நட்டஈட்டில் சேரும், ஆனால் பற்றரி விலையையும் இதையும் இரண்டு முறை கேட்க முடியாது.