மூச்சிரைக்காமல் ஸ்கீ செல்வது: கேள்வி பதில்

ஒஸ்லோவின் நூர்மார்க்கா காட்டுத் தடங்களில் பல குளிர்காலங்களாகச் சென்றுவருபவன் என்ற முறையில், அண்மையில் நோர்வேயில் குடியேறிய நம்மவர்கள் கிளாசிக் ஸ்கீ (பனியில் வெட்டிய தடத்தில் இரு நீண்ட சறுக்குப் பலகைகளை மாறிமாறி உதைத்து நடைபோல முன்னேறும் முறை) குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். போட்டிக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

சமதரையிலேயே அரை மணி நேரத்தில் மூச்சிரைக்கிறது. எழுபது வயதுக்காரர்கள் பேசிக்கொண்டே என்னைக் கடந்து போகிறார்கள். அது எப்படி?

அவர்கள் போகும்போதே ஓய்வெடுக்கிறார்கள். ஒரு காலால் உதைத்ததும் மற்றக் காலின் ஸ்கீ மேல் முழு எடையையும் வைத்து நின்று, அது வழுக்கிச் செல்லும் அந்த ஒரு நொடிக்கு உடம்பைச் சும்மா விடுகிறார்கள். நீங்களோ அந்த வழுக்கல் முடியுமுன்பே அடுத்த காலைப் போட்டுவிடுகிறீர்கள். உங்கள் ஸ்கீயின் ஒலியைக் கவனியுங்கள்: பின்னாலிருந்து முன்னே வரும் ஸ்கீ ‘சடக்’ என்று பனியில் அறைந்தால், நிற்கும் காலில் எடை முழுதாக ஏறவில்லை என்று பொருள். கையில் ஊன்றும் கோல்களை ஓரமாக வைத்துவிட்டு, நூறு மீட்டர் தூரத்தைக் கைகளை மட்டும் வீசியபடி ஐந்தாறு முறை போய்வாருங்கள். சொங்ஸ்வான் ஏரியைச் சுற்றிய பாதை ஏறத்தாழ மட்டமானது, சுமார் 3.3 கிலோமீட்டர், இந்தப் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

உதைக்கும்போது ஸ்கீ பின்னால் வழுக்குகிறது. மெழுகை இன்னும் தடித்துப் பூசலாமா?

பூசுவதற்கு முன் ஸ்கீயின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். கிளாசிக் ஸ்கீ நடுவில் வில்போல மேலே வளைந்திருக்கும். பனியைப் பற்றும் மெழுகோ மயிர்ப்பட்டையோ (மெழுகுக்குப் பதிலாக ஸ்கீயின் அடியில் ஒட்டப்படும் மயிர்த்துணிப் பட்டை) அந்த வளைவின் அடியில்தான் இருக்கிறது. இரு கால்களிலும் எடை சமமாக இருக்கும்போது அப்பகுதி பனியை அழுத்தாது, அதனால் ஸ்கீ தடையின்றி முன்னே வழுக்கிச் செல்கிறது; முழு எடையும் ஒரே காலில் இறங்கும்போதுதான் வளைவு அமுங்கிப் பனியைப் பற்றுகிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வழவழப்பான தரையில் இரு ஸ்கீகளின் மேலும் நின்று, பாதத்தின் நேர் கீழே ஒரு காகிதத்தை வேறொருவர் நகர்த்திப் பார்க்கட்டும். அது எளிதாக நகர வேண்டும். ஒற்றைக்காலில் நின்றால் சிக்கிக்கொள்ள வேண்டும். அப்போதும் நகர்ந்தால், அந்த ஸ்கீ உங்கள் எடைக்கு மிக விறைப்பானது. எத்தனை மெழுகு பூசினாலும் பயன் குறைவு.

ஸ்கீ சரியாக இருந்தும் வழுக்கினால், உதைப்பு பிந்துகிறது. இரு பாதங்களும் அருகருகே வரும் கணத்தில், பின்னோக்கி அல்ல, கீழ்நோக்கி மிதிக்க வேண்டும். கால் பின்னே போன பிறகு உதைத்தால் பிடிப்பு இராது. மெழுகைப் பொறுத்தவரை, உறைநிலைக்குக் கீழே 1 முதல் 7 பாகை வரை ஸ்விக்ஸ் நிறுவனத்தின் ‘நீல எக்ஸ்ட்ரா’ மெழுகு போதும். மெல்லிய அடுக்குகளாகப் பூசித் தக்கையால் தேய்த்துவிடுங்கள். பூச்சியத்தை ஒட்டிய ஈரப்பனியில் மெழுகோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன். அந்த நாள்களுக்கு மயிர்ப்பட்டை ஸ்கீயே நிம்மதி.

இரு கோல்களையும் ஒன்றாக ஊன்றித் தள்ளினால் தோள் கடுக்கிறது.

கைகளால் இழுக்கிறீர்கள், உடம்பின் எடையால் அழுத்த வேண்டும். குதிகாலைச் சற்று உயர்த்தி முன்னே சாய்ந்து, முழங்கையை மடித்து வைத்தபடி வயிற்றைச் சுருக்கிக் கோல்களின் மேல் விழுவதுபோல் அழுத்துங்கள். கைகள் தொடையைக் கடந்ததும் தளர்ந்துவிடட்டும். அடுத்த தள்ளலுக்கு அவசரமாக எழ வேண்டாம், வேகம் குறையத் தொடங்கும்வரை காத்திருங்கள். சுவீடனில் மொறா நகர் வரை 90 கிலோமீட்டர் செல்லும் வாசலோப்பெட் ஸ்கீ போட்டியில் முன்னணியினர் முழுத் தூரத்தையும் இப்படியே தள்ளிக் கடப்பதைப் பார்த்துவிட்டு நாமும் முயல வேண்டியதில்லை. மெல்லிய இறக்கத்தில் மட்டும் தள்ளுங்கள். மற்றபடி கால்களே வலிமையானவை.

ஏற்றத்தில்?

அடியைச் சுருக்குங்கள், பார்வையைத் தடத்தின் மேல்முனையில் வையுங்கள். குனிந்தால் எடை முன்னே போய்ப் பிடிப்பு விட்டுப்போகும். அதற்கும் வழுக்கினால் தடத்தை விட்டு வெளியேறி, ஸ்கீ முனைகளை அகல விரித்து மீன்முள் வடிவில் ஏறுங்கள். பேச முடியாத அளவுக்கு இரைத்தால் நில்லுங்கள். அங்கே நிற்பதில் வெட்கம் இல்லை, ஆனால் தடத்தை மறிக்காமல் ஓரத்தில் நில்லுங்கள்.

இறக்கத்தில் பயம், உடம்பெல்லாம் இறுகிவிடுகிறது.

இறுகிய உடம்பும் ஆற்றலைத் தின்னும். ஒரு ஸ்கீயைத் தடத்தில் வைத்து, மற்றதை வெளியே எடுத்து முனை உள்நோக்கி இருக்கச் சாய்த்து அழுத்தினால் வேகம் அடங்கும். மிகச் செங்குத்தாக இருந்தால் ஸ்கீயைக் கழற்றி ஓரமாக நடந்து இறங்குங்கள்.

கோலின் நீளம் எவ்வளவு? கை வாரை எப்படி மாட்டுவது?

உங்கள் உயரத்தில் ஏறக்குறைய 83 சதவீதம், அதாவது 170 சென்டிமீட்டர் உயரத்தினருக்குச் சுமார் 140. வாருக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, வாரையும் கோலையும் சேர்த்துப் பிடியுங்கள். அப்போது தள்ளலின் முடிவில் விரல்களை விரித்துவிட்டாலும் கோல் கையோடு வரும். இப்படி விரல்களைத் தளர்த்தாமல் கோலை இறுகப் பற்றியே செல்பவர்களுக்குத்தான் முதல் மணி நேரத்திலேயே முன்கை விறைத்துப்போகிறது.