குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பழைய நுவார் படத்தை எப்படி ரசிப்பது?

குற்றமும் விதியும் பிணைந்த, நிழல் அடர்ந்த 1940களின் அமெரிக்கப் படங்களுக்கு, ‘கறுப்புப் படம்’ என்ற பொருளில் பிரெஞ்சு விமர்சகர்கள் 1946இல் வைத்த பெயரே ‘ஃபிலிம் நுவார்’.

இவ்வகையில் நான் மிகவும் நேசிப்பது, எட்கர் உல்மர் இயக்கிய ‘டீடூர்’ (1945). காதலியைத் தேடி நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் பியானோ கலைஞன், வழியில் தன்னை ஏற்றிக்கொண்டவர் இறந்துபோக, அவர் பெயரிலேயே பயணத்தைத் தொடர்ந்து சிக்கிக்கொள்கிறான். நியூயார்க் தெருவை அரங்கமாக அமைக்க வசதியில்லாத இடத்தில் மூடுபனி படர்கிறது; காதலர்கள் அதற்குள் நடக்கும்போது அவர்களுடைய எதிர்காலமே மங்கித் தெரிகிறது. சிற்றுண்டிக் கடையில் சுற்றிலும் ஒளி குன்றி, நாயகனின் கண்கள்மீது மட்டும் தங்குகையில், நாம் அவன் நினைவுக்குள் நுழைந்துவிடுகிறோம். மின்சாரம் போன இரவில் ஒற்றை மெழுகுவர்த்தி, வீட்டின் குறைகளை மறைத்து, சுவரில் நம் நிழலைப் பெரிதாக்குவதைப் போன்றது இது. நாயகனை மிரட்டும் பெண்ணாக வரும் ஆன் சாவேஜின் சீற்றம் நிறைந்த நடிப்புக்காகவே இதை மறுபடியும் பார்க்கலாம்.

நுவார் என்றாலே கறுப்பு வெள்ளையில் வந்த துப்பறியும் படம் என்று பலர் கருதுகிறார்கள். இந்தப் படத்திலோ துப்பறிபவரே கிடையாது.