மூடுபனிப் படத்துக்கு ஃபில்டர் வாங்கலாமா?

மூடுபனியைப் படத்தில் இன்னும் அடர்த்தியாகக் காட்ட லென்ஸில் ஃபில்டர் மாட்டினால் போதுமா, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ரங்கூனில் கல்யாணம், கோயில் திருவிழா என்று படம் எடுத்துப் பிழைப்பவன் நான். இந்த விஷயத்தில் ஒருமுறை ஏமாந்த அனுபவமும் உண்டு.

தை மாதத்தில் பெகு பக்கம் அறுத்த வயல்களில் விடிகாலையில் பனி இறங்கும். கனமான ஃபாக் ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு, வரப்பில் நடந்து வந்த மாமாவை எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால், தூரத்து மரங்கள் வெளுத்திருந்த அதே அளவுக்குப் பத்தடியில் நின்ற மாமாவின் முகமும் வெளுத்திருந்தது. "என்னடா, கண்ணில் புரை விழுந்தவன் எடுத்த மாதிரி இருக்கு" என்றார் மாமா.

அவர் சொன்னதுதான் சரி. நிஜப் பனியில் பக்கத்தில் இருப்பது தெளிவாக நிற்கும், தள்ளிப் போகப் போகக் கரையும். ஃபில்டருக்குத் தூரம் தெரியாது. பளிச்சென்று இருக்கும் இடத்து வெளிச்சத்தைச் சுற்றிலும் கசிய விடும், அவ்வளவுதான்.

அதனால் ஃபில்டர் எடுபட, ஏற்கெனவே கொஞ்சம் பனி இருக்க வேண்டும், படத்துக்குள் ஒரு விளக்கும் இருக்க வேண்டும். எங்கள் தெருமுனை மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கடையில் அஞ்சரை மணிக்கே அண்டா கொதிக்க ஆரம்பித்துவிடும். மேலே ஒரே ஒரு குண்டு பல்பு. பிளாக் ப்ரோ-மிஸ்ட் என்ற மென்மையாக்கும் ஃபில்டரை 1/4 அளவில் (1/8 இதைவிட மெல்லியது) மாட்டினால் பல்பைச் சுற்றி மெல்லிய வட்டம் விழும், ஆவியின் ஓரம் மினுங்கும், ஆனால் கடைக்கார அம்மாவின் கொண்டை கறுப்பாகவே இருக்கும். அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் கறுப்புத் துகள்கள் நிழல் வெளுத்துப் போகாமல் ஓரளவு பிடித்துக்கொள்கின்றன. சாதாரண ஃபாக் ஃபில்டரில் கொண்டையும் சாம்பலாகிவிடும். முதல்முறை வாங்குவதென்றால் 1/8 அல்லது 1/4 போதும். நீளமான லென்ஸில் விளைவு கூடும் என்பதால் 35 எம்எம் லென்ஸில் அடக்கமாகத் தெரிவது 85 எம்எம் லென்ஸில் தூக்கலாக இருக்கும்.

கறுப்பு வெள்ளை எடுப்பவர் என்றால் கதை வேறு. மெல்லிய மூட்டம் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். நீல ஃபில்டர் போட்டால் அது அடர்த்தியாகத் தெரியும், சிவப்பு போட்டால் விலகும். டிஜிட்டலில் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். ரா ஃபைலை (கேமரா பதிந்த மூலக் கோப்பை) கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது நீலச் சேனலை ஏற்றி, சிவப்பைக் குறைத்தால் சரி. கொஞ்சம் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகள், வரும். ஆனால் எதிரே வருபவர் தெரியாத கனத்த பனியில் இதெல்லாம் எடுபடாது. அந்த நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும்.

அப்புறம், எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு விடும் வெளிச்சத்தின் அளவு. பனி படத்தில் அழுக்குச் சாம்பலாக வருகிறது என்பவர்களில் பாதிப்பேருக்கு ஃபில்டரே தேவையில்லை. வெளுப்பைப் பார்த்துக் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஒரு ஸ்டாப் (இருமடங்கு வெளிச்சம்) ஏற்றி எடுத்துப் பாருங்கள்.

வாங்கும் முன் சோதிக்க வேண்டுமா? பழைய யூவி ஃபில்டரை (லென்ஸைக் காக்க மாட்டும் தெளிவான கண்ணாடி) மாட்டி அதன்மேல் வாயால் ஊதுங்கள். படியும் மூட்டம் சில நொடி இருக்கும், அதற்குள் நாலைந்து கிளிக். சிலர் வாஸ்லின் தடவுவார்கள். அதையும் அந்தப் பழைய ஃபில்டரில் தடவுங்கள், லென்ஸில் வேண்டாம்.