பராமரிப்புக்கு மட்டும் ஏன் பணம் இல்லை?

கேள்வி: எங்கள் நகராட்சி பசுமைத் திட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அறிவிக்கிறது. உடைந்து கிடக்கும் நடைபாதையைச் சீர்செய்யச் சொன்னால் மட்டும் நிதி இல்லை என்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து முதலில் பாதையைச் சரிசெய்தால் என்ன?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கேட்கும் தீர்வைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாதையையும் சுற்றுச்சூழலையும் எதிரெதிரே நிறுத்தினால், நகராட்சி தப்பித்துக்கொள்ள நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். ஸ்பெயினின் பொன்டேவேத்ரா நகரம் 1999 முதல் தன் மையப் பகுதியைக் கார்களிடமிருந்து மீட்டு, நடப்பவர்களுக்குக் கொடுத்தது. நடக்கத் தகுந்த தெருதான் அங்கே பசுமைத் திட்டம்.

நிதி இல்லை என்ற பதில் பாதி உண்மை. உள்ளாட்சிகளின் கணக்கில் புதிதாகக் கட்டும் மூலதனச் செலவு வேறு, ஆண்டுதோறும் ஆகும் வருவாய்ச் செலவு வேறு. புதிதாகக் கட்ட மேலிருந்து மானியம் கிடைக்கும். பெரும்பாலும் அதை வேறு வேலைக்குத் திருப்ப முடியாது. கட்டியதைப் பேணுவதற்கான பணத்தை உள்ளூர் வரியிலிருந்தும் கட்டணத்திலிருந்தும்தான் எடுக்க வேண்டும். வருவாய் குறைந்தால் சம்பளத்தில் கைவைக்க முடியாது, கடன் தவணையை நிறுத்த முடியாது. வெட்டு விழுவது பராமரிப்பின் மேல்தான். அந்த ஆண்டு யாருக்கும் எதுவும் தெரியாது. அடைத்த வடிகாலைத் தூர்வாராமல் விட்டால் நீர் பாதைக்கு அடியில் இறங்கும், அடித்தளம் இளகும், மேல்பரப்பு பிளக்கும். தூர்வாரும் கூலியை மிச்சம்பிடித்த நகராட்சி, சில ஆண்டுகளில் முழுப் பாதையையும் பெயர்த்துப் போடும் செலவைச் சுமக்கும். புதிய கல், புதிய சிமென்ட், லாரி லாரியாக இடிபாடு: இதில் எங்கே இருக்கிறது பசுமை? பராமரிப்பை வெட்டிவிட்டுச் சுற்றுச்சூழல் பேசும் நிர்வாகத்தை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று. பாதைகள் அழிவதற்கெல்லாம் பணப் பற்றாக்குறை காரணமில்லை. ஆக்கிரமிப்பை அகற்றப் பெருநிதி வேண்டாம், துணிவுதான் வேண்டும். இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவழிகளை வரைபடமாகப் பதிவுசெய்யும் பொறுப்பைக் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) மன்றங்களிடம் கொடுத்தது. வயலின் குறுக்கே போகும் நடைவழியை உழவர் உழலாம். ஆனால், முதல் உழவுக்குப் பிறகு பொதுவாக 14 நாட்களுக்குள் அவரே அதைச் சீராக்க வேண்டும். தவறினால் மன்றம் அந்த வேலையைச் செய்து, செலவை அவரிடமே வசூலிக்கலாம். அங்கும் எல்லாப் பாதையும் செம்மையாக இருப்பதாகச் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகர மன்றமே இன்றியமையாத செலவுகளைத் தவிர மற்றவற்றை நிறுத்தும் நிலைக்கு வந்தது. ஆனாலும், பாதை பதிவேட்டில் இருந்தால் அதைக் கேட்கும் உரிமை மக்களிடம் இருக்கும்.

உங்கள் ஊரில் எத்தனை பாதைகள் பதிவேட்டில் இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்று எழுத்தில் பெறுங்கள். அடுத்த பசுமைத் திட்டத்துக்கு மன்றம் ஒப்புதல் தரும் முன், அதைப் பேண ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், எந்தத் தலைப்பிலிருந்து அந்தப் பணம் வரும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் உறுப்பினர் யார் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.